வண்டி அவரிடம், கடதாசி என்னிடம்

மாத்தளை பெரிய தெருவில் ஒரு தையல் கடைக்குள் நின்று கால்சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது, களவுபோன என் மோட்டார் சைக்கிள் வெளியே என்னைக் கடந்து போயிற்று.

முதலில் நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது அந்த எஞ்சின் ஒருமுறை தொண்டையைச் செருமும். எத்தனையோ பேரிடம் காட்டியும் அது தீரவில்லை. பிறகு நானும் அதற்குப் பழகிவிட்டேன்.

இடுப்பைச் சுற்றியிருந்த நாடாவை விலக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. அதன் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, தோளில் கமெராப் பையோடு ஒரு மெலிந்த மனிதர் உள்ளே போனார். என் வண்டி மெரூன் நிறம், அது கறுப்பு. நம்பர் தகடும் வேறு.

தெருவைக் கடந்து போய் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினேன். எஞ்சினிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. அதில் குத்தியிருந்த நம்பரைப் படித்தேன். அது என் நம்பர் அல்ல. இலக்கங்கள் ஒரே சீராக, கம்பனியில் குத்தியவை போலவே இருந்தன. அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாரோ ஒருவருடைய வண்டிக்கு முன்னால் நடுத்தெருவில் குந்திக்கொண்டிருக்கிறோமோ என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகு இடது கால்மிதியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினேன். ஒட்டு இருந்தது.

பல்லேகமப் பாதையில் கிடைத்தது

அந்த ஒட்டைப் பற்றி இரண்டு வரி. நான் அப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எனக்குக் கலேவெலப் பகுதி. ஒருமுறை பல்லேகமப் பக்கத்தில் காய்ச்சல் பரவி, உதவிக்கு என்னையும் அனுப்பினார்கள். பாதை என்று சொல்லப்பட்ட இடத்தில் பாதி, தண்ணீர் ஓடிய தடம். ஒரு வளைவில் வண்டி சரிந்து என் இடது காலின்மேல் விழுந்தது. கால் தப்பியது, கால்மிதி முறிந்தது. அட்டைகள் இரண்டு காலிலும் ஏற, வண்டியை உருட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். மண்வெட்டி அடிக்கும் கொல்லர் ஒருவர் அதை ஒட்டிக் கொடுத்தார். அவர் ஒட்டிய இடம் வண்டியை விடப் பலமாகவும், பார்க்க மிக அசிங்கமாகவும் இருந்தது. அப்படியொரு ஒட்டு இலங்கையில் இன்னொரு மோட்டார் சைக்கிளில் இருக்க முடியாது.

நான் எழுந்து நின்றபோது ஸ்டூடியோக்காரர் வெளியே வந்தார்.

"படம் எடுக்கணுங்களா சேர்? உள்ள வாங்க."

"படம் வேணாம். இது ஆர்ட சைக்கிள்?"

"என்னோடதுங்க."

"இல்ல. இது என்ட."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய சிரிப்பும் நின்றது. உள்ளே ஓடிப்போய்ப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "புத்தகம் இருக்குங்க சேர். கைல வாங்கிப் பாருங்க. நான் ஒண்ணும் களவாண்டு வரலங்க."

புத்தகத்தில் இருந்த நம்பர் தகட்டிலும் இருந்தது, எஞ்சினிலும் இருந்தது. எல்லாம் பொருந்தின. நான் மட்டும்தான் பொருந்தாமல் நின்றேன். அதற்குள் கூட்டம் சேர்ந்து, அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒரு பொலிஸ் கொஸ்தாப்பலும் வந்துவிட்டார். மூவரும் பொலிசுக்குப் போனோம். வண்டியைச் செல்வராஜ்தான் உருட்டினார். அதுதான் அவர் பெயர் என்பதை அங்கே வாக்குமூலம் எழுதும்போது தெரிந்துகொண்டேன்.

களவு போன விதம்

மழைக்காலத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, கலேவெலப் பள்ளிவாசலுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்து வந்தபோது மரம் இருந்தது, நிழல் இருந்தது, மணலில் எண்ணெய் சொட்டிய கறை இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் களவு என்பது ஊரில் புதிது. சைக்கிள் களவு போகும், மாடு களவு போகும், மிளகாய் காயப்போட்ட இடத்திலிருந்து சாக்கோடு போகும். அவற்றுக்கெல்லாம் யாரிடம் போய் விசாரிப்பது என்று சனங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. சந்தைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஒருவர் தம்புள்ளைப் பக்கம் போனது என்றார். இன்னொருவர், குருநாகல் பஸ்ஸுக்குப் பின்னால் போனதைக் கண்ணால் கண்டேன் என்றார். இன்சூரன்ஸ்காரரிடம் போனேன். நான் எடுத்திருந்தது, வண்டி யார் மீதாவது மோதினால் உதவுமாம். வண்டியே இல்லாமல் போனால் உதவாதாம்.

அதன்பிறகு பஸ்ஸிலும், பஸ் போகாத இடங்களுக்கு இரவல் சைக்கிளிலும் வேலை பார்த்தேன். மலேரியா மறுபடி தலையெடுத்திருந்த நேரம். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்து, அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முன்பு ஒரு காலையில் முடித்துவந்த கிராமங்களுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் போய்வர வேண்டியிருந்தது. ஒரு தாய், மருந்து பிந்தியதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லாமல், பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பலா மரத்தடியில்

வண்டி கிடைத்தும் எனக்குக் கிடைக்கவில்லை. அது இப்போது வழக்குப் பொருள். வழக்கு முடியும்வரை பொலிஸ் வளவில், ஒரு பலா மரத்தடியில் நிற்கும் என்றார் சார்ஜன் பண்டார. நல்ல மனிதர், என்னிடம் எப்போதும் சிங்களத்தில் நிதானமாகப் பேசுவார்.

மோட்டார் பரிசோதகர் வந்து எஞ்சினில் இருந்த பெயின்டைச் சுரண்டி, ஏதோ திராவகம் தடவி, கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழைய இலக்கங்கள் நிழல்போல எழுந்து வந்தன. அவை என்னுடையவை. பதிவுப் புத்தகமும் போலி என்றார்கள்.

வண்டியை விற்றவன் தன்னை நில அளவையாளன் என்று சொல்லிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்தவனாம். தூர இடத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, வண்டியைக் கொண்டுபோக வசதியில்லை என்றானாம். அவன் கொடுத்த விலாசத்தில் ஒரு தேங்காய்க் களஞ்சியம் இருந்தது. ஆள் அகப்படவேயில்லை. எனவே வழக்கு செல்வராஜ் மீது வந்தது: களவுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அதை வைத்திருந்த குற்றம். பிணையில் வெளியே வந்தார்.

எனக்கு அவர்மீது கோபம்தான். கள்ளனோடு அவருக்கும் பங்கு இருக்கும் என்று என் மனைவி ஜெஸீமாவிடம் சொன்னேன். "பங்கு இருந்தா பெரிய தெருவுல பட்டப்பகல்ல ஓட்டுவாரா?" என்றாள். ஆனாலும் கோபம் போகவில்லை.

வழக்கு தவணைக்கு மேல் தவணை போயிற்று. மாத்தளைக்கு வரும்போதெல்லாம் வளவுக்குப் போய் வண்டியை எட்டிப் பார்ப்பேன். சீட்டில் பலாப் பால் சிந்திக் காய்ந்திருந்தது. பக்கத்துப் பையில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் நல்ல மழை. நான் போனபோது செல்வராஜ் அங்கே நனைந்துகொண்டு நின்றார். கையில் வண்டியை மூட ஒரு படங்குத் துணி.

"சார்ஜன் ஐயாகிட்ட கேட்டேங்க. மூடலாம், ஆனா தொடக் கூடாதுன்னாரு. தொடாம எப்படி சேர் மூடுறது?"

ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். கோழி போகவர வழிவிட்டுப் படங்கைக் கட்டினோம். பிறகு வளவு விறாந்தையில் ஒதுங்கினோம்.

"நீங்க எதுக்கு மூட வந்தீங்க?" என்று கேட்டேன்.

"துருப் புடிச்சா யாருக்குங்க லாபம்?" என்றார். நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே, "வண்டி போனா போவுது சேர். வழக்கு இருக்கே, அதுதான் பயமா இருக்கு. நான் பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கேன். பேருல ஒரு குத்தம் விழுந்திருச்சின்னா குடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. எங்கப்பா இங்கதான் பொறந்தாரு. நானும் இங்கதான்" என்றார்.

வெளிநாட்டு வாசகர்களும் இந்தத் தொடரைப் படிப்பதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்வதால் சற்று விளக்கிவிடுகிறேன். இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலோர் சுதந்திரத்துக்குப் பிறகு எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் போனார்கள். அந்த ஆண்டுகளில், சிலர் இந்த நாட்டுக்கும் பலர் இந்தியாவுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். செல்வராஜ் வண்டி வாங்கியதே அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொருவராக அதன்முன் நிறுத்திப் படம் எடுப்பார். வண்டி போனபின் கமெராவையும் துணியையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சார்ஜனின் யோசனை

விசாரணைக்கு முன்தினம் சார்ஜன் பண்டார என்னை அழைத்து உட்காரவைத்தார்.

"மாத்தயா, நாளைக்கு ஒரு கேள்விதான் முக்கியம். நம்பரைத் திருத்தியது பார்த்தவுடன் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்று நீங்கள் சொன்னால், அந்த ஆளும் தெரிந்துதான் வாங்கினார் என்றாகும்."

"தெரியாது என்று சொன்னால்?"

"அவர் விடுதலையாவார். அதில் எனக்கொன்றுமில்லை. ஆனால் வண்டி அவர் கையிலிருந்து எடுத்தது. குற்றமில்லை என்றானால், எடுத்த கையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்ல இடமிருக்கிறது. அப்புறம் நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். அது எப்போது முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள்." என் தோளைத் தட்டினார். "பொய் சொல்லச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்கிறேன்."

அவர் என் நன்மைக்காகவே சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். கலேவெலக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். யோசிக்க அதிகம் இருக்கவுமில்லை. பார்த்ததைப் பார்த்தேன்.

கூண்டில்

செல்வராஜுக்காக வாதாடிய புரொக்டர் முதியவர். கறுப்புக் கோட்டு பச்சையாக வெளுத்திருந்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளரான கோர்ட் முதலியார் தமிழில் சொன்னார்.

"அன்றைக்குத் தெருவில் எஞ்சின் நம்பரைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அது திருத்திய நம்பர் என்று தெரிந்ததா?"

சுவரோரம் நின்ற சார்ஜன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் என்னைப் பார்க்கவேயில்லை. கூரையில் புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டது.

"தெரியவில்லை."

"வருடக்கணக்காக ஓட்டிய உங்களுக்கே தெரியவில்லையா?"

"எனக்கே தெரியவில்லை. என் வண்டிதானா என்றுகூடச் சந்தேகம் வந்தது."

முதலியார் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நீதவான் எழுதிக்கொண்டார். நான் இறங்கி வந்தேன்.

செல்வராஜ் விடுதலையானார். வண்டியைப் பற்றி நீதவான் சொன்னதன் சாரம் இது: பரிசோதகர் கண்ட பழைய நம்பர் ஹமீடுடையது, அதாவது என்னுடையது, என்பது மெய்தான். ஆனால் இவரும் நம்பி வாங்கியிருக்கிறார். யார் சொந்தக்காரர் என்று தீர்ப்பது இந்த நீதிமன்றத்தின் வேலையல்ல. வண்டி யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே கொடுக்கப்படட்டும். மற்றவர் விரும்பினால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெஸீமா கேட்டாள்: "அப்ப சைக்கிள் களவு குடுத்தது நீங்க. உண்மைய சொன்னதும் நீங்க. சைக்கிள் மட்டும் அவருக்கா?"

"சட்டம் அப்படி."

"சட்டம் நல்லா சாப்பிட்டுத் தூங்கும். நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை வைத்தாள்.

இரண்டும் சும்மா

வழக்குப் போடுவோமென்று என் பக்கத்துப் புரொக்டர் சொன்னார். வண்டியை விடாதே என்று அவர் பக்கத்துப் புரொக்டர் சொல்லியிருப்பார். ஆனால் இருவருமே ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. செல்வராஜால் அந்த வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. போலிப் புத்தகம் கோர்ட்டோடு போய்விட்டது, வண்டிக்கு லைசன்ஸ் எடுக்க வழியில்லை. உண்மையான புத்தகம் என் வீட்டு அலமாரியில் இருந்தது. வண்டியோ அவருடைய ஸ்டூடியோ வாசலில்.

ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். வண்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

"வண்டி உங்கட வாசல்ல. கடதாசி என்ட அலமாரில" என்றேன்.

"ஆமாங்க சேர். ரெண்டும் சும்மாதான் கெடக்கு."

"என்ன செய்யலாம்?"

அவர் நெடுநேரம் யோசித்தார். யோசித்து வைத்திருந்ததைத்தான் சொன்னார் என்று பிறகு தோன்றியது. "நீங்க கூண்டுல நின்னு சொன்னீங்களே, அது நீங்க சொல்லணும்னு கட்டாயமில்லாத வார்த்த. எனக்கு வெளங்கும் சேர். வண்டி ஒங்களோடதுதான். எடுத்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கெழமைல என்னையத் தோட்டத்துக்குக் கொண்டு போய் விடுவீங்களா?"

"நீங்களே ஓட்டிட்டுப் போங்களேன். ஞாயிறு உங்களுக்கு, மத்த நாள் எனக்கு."

உடனே தலையை ஆட்டினார். "வேணாங்க. இந்த ஹேண்டில நான் புடிக்க மாட்டேன். வழியில ஒரு பொலிஸ்காரர் நிறுத்தி, பழைய வழக்க நோண்டினாருன்னா? விண்ணப்பம் கெடக்கு. நான் பின்னாலயே உக்காந்துக்கறேன்."

பழைய நம்பரை மீட்க இருவரும் கொழும்புக்கு ரயிலேறினோம். மோட்டார் பதிவுக் கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, தலையைத் தூக்காமல், "சொந்தக்காரர் யார்?" என்று கேட்டார். செல்வராஜ் என்னைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கையை இறக்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்

அதற்குப்பிறகு சில வருடங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்ட, கமெராப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் இருப்பார். போகும் வழியில் நானும் என் வேலையில் கொஞ்சம் பார்ப்பேன். அது என் பகுதியில்லாவிட்டாலும், ஒரு கிணற்றையோ கக்கூசையோ எட்டிப் பார்க்காமல் என்னால் வரமுடியாது. அவர் வெள்ளைத் துணியைக் கட்டுவார். பெண்கள் தலைமுடியைத் தண்ணீரால் படிய வாரிக்கொண்டு வருவார்கள். சிரிக்கலாமா என்று கேட்பார்கள். சிரிக்கக் கூடாதாம், விண்ணப்பப் படத்தில்.

பாதையில் நாங்கள் அதிகம் பேசியதில்லை. காற்றில் பேச்சு கேட்காது. சிநேகிதர்கள் என்று சொல்லலாமோ தெரியவில்லை. அவர் கடைசிவரை என்னைச் சேர் என்றார். நான் அவர் வீட்டில் சாப்பிட்டது ஒருமுறைதான்.

அவருடைய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மறுத்திருந்தார்கள். காரணம் எழுதியிருக்கவில்லை. வழக்கினால்தானா என்று கேட்டேன். "தெரியலங்க. வழக்கே இல்லாத ஆளுங்களுக்கும் இப்படித்தான் வந்திருக்கு" என்றார். பிறகு அவரும் இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். தனக்கான படத்தை யாரைக்கொண்டு எடுப்பித்தார் என்று நான் கேட்கவில்லை.

பயணத்தன்று சாமான்களோடு மனைவியும் பிள்ளைகளும் ஒரு லொறியில் ஸ்டேசனுக்குப் போனார்கள். அங்கிருந்து ரயிலில் தலைமன்னார், பிறகு கப்பல். ஸ்டூடியோச் சாவியைக் கடைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் பின்தங்கினார். நான் வண்டியோடு காத்திருந்தேன். வந்தவர் பின்சீட்டில் ஏறாமல் முன்னால் வந்து நின்றார்.

"சேர், நான் ஓட்டட்டுங்களா?"

நான் அவரைப் பார்த்தேன்.

"இனிமே எனக்கென்னங்க பயம்" என்றார்.

இறங்கிப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. எவ்வளவு உயரம் என்று தெரிந்திருக்கவில்லை. அவர் நேரே ஸ்டேசனுக்குப் போகவில்லை. பெரிய தெருவைச் சுற்றி, கோவில் பக்கமாக வந்து, கோர்ட்டுக்கு முன்னாலும் பொலிசுக்கு முன்னாலும் அவசரமில்லாமல் ஓட்டினார். வாசலில் நின்ற கொஸ்தாப்பல் எங்களைப் பார்த்தார். செல்வராஜ் ஹோர்ன் அடித்தார். கொஸ்தாப்பல் காரணம் புரியாமல் கையைத் தூக்கினார்.

ஸ்டேசனில் வண்டியை நிறுத்தி, பெற்றோல் வரும் டெப்பை மூடி, சாவியை என் கையில் வைத்தார். மேடையில் அவர் மனைவி பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"பின் பிரேக் கொஞ்சம் லூசா இருக்கு சேர்" என்றார். "எறக்கத்துல பாத்து போங்க."